புதுப்பிப்பு: பெண் குழந்தைக்குப் பழைய பெயர்

கோதை, குந்தவை, குழலி, திலகவதி, மங்கையர்க்கரசி. எது இன்றைக்கு ஒத்துவரும் என்ற முந்தைய பதிவில் ஆவணச் சிக்கல் விட்டுப்போயிற்று.

பழைய பெயர் உச்சரிப்பில் தடுக்குவதைவிட ஆங்கில எழுத்தில்தான் அதிகம் தடுக்கும். மங்கையர்க்கரசியில் 'கே' ஒன்றா இரண்டா? பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இரண்டு என்றால் பாஸ்போர்ட்டில் மாட்டும். குழலியின் ழகரத்துக்கு 'இசட் எச்' போட்டால் வடக்கே 'குஸலி' ஆகிவிடுவாள். 'எல்' போட்டால் தமிழிலேயே குலலி. இரண்டில் 'இசட் எச்' மேல், தமிழ்நாட்டிலாவது சரியாக வாசிப்பார்கள். திலகவதிக்கு இந்தத் தொல்லை குறைவு, என் ஓட்டும் அதற்கே.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன். ஆகவே மருத்துவமனைப் படிவத்தில் அவசரமாக எழுதிவிடாதீர்கள். பதிந்த பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தலாம், பெயரையே மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிச் சான்று பிறப்புச் சான்றிதழ் மட்டுமே.

இனிஷியலையும் விரித்தே எழுதுங்கள்.