புதுப்பிப்பு: பெரியவர்களுக்கான சீஷத்துவ வகுப்பு, 8 வாரம் கழித்து

ஞாயிறு ஆராதனை முடிந்து, பைபிள் படித்து இயேசுவின் சீஷராக வாழக் கற்கும் இந்த வகுப்பை வைத்தால் பெரியவர்கள் யாரும் உட்காருவதில்லை, என்ன செய்யலாம் என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். நேரத்தை மாற்றுங்கள், யார் வீட்டிலாவது நடத்துங்கள் என்றீர்கள். இரண்டையும் செய்தோம்.

இப்போது வியாழன் இரவு ஏழரைக்கு, ஒரு அக்கா வீட்டு முற்றத்தில். பீடி சுற்றும் பெண்கள் அன்றைய கட்டைக் கொடுத்துவிட்டு வர அது வசதி. முதல் வாரம் 5 பேர், போன வாரம் 14.

அதைவிடப் பெரிய மாற்றம், அச்சடித்த கேள்வித்தாளை விட்டதுதான். எழுதத் தயங்கியவர்கள் அதைப் பார்த்தே ஒதுங்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் அது எனக்குப் புரியவில்லை என்பதில் வருத்தம் உண்டு. இப்போது மாற்கு சுவிசேஷம், வாரம் ஒரு அதிகாரம். மொத்தம் 16, பாதி முடிந்தது. ஒருவர் சத்தமாக இரண்டு முறை வாசிப்பார். மற்றவர்கள் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்வார்கள்.

நாலாம் அதிகாரத்தில் விதைக்கிறவன் உவமை வந்தது; அவன் விதைத்ததில் சில வழியோரத்திலும் சில நல்ல நிலத்திலும் விழும் என்று இயேசு சொன்ன கதை. எப்போதும் தூணோரம் உட்காரும் பாட்டி திடீரென்று எழுந்து, "விதைய எண்ணி எண்ணியா போடுவாங்க தம்பி? இப்படி வீசணும். வரப்புலயும் நாலு விழத்தான் செய்யும்" என்று முந்தானையை மடித்துப் பிடித்து, கையை வீசிக் காட்டினார். முற்றமே அமைதியாகிவிட்டது. அன்றைக்கு நான் பாடம் நடத்தவில்லை, கேட்டுக்கொண்டேன்.

ஆண்கள் இன்னும் 3 பேர்தான். அவர்களை எப்படி அழைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், ஜெபத்திலும் நினைத்துக்கொள்ளுங்கள்.