அலுமினிய டிராஸிலிருந்து உலோகத்தை மீட்பது எப்படி?

வார்ப்புக்கூடம்:
150 கிலோ க்ரூசிபிள் (மூசை) உலை, ஏடிசி12 என்ற அலுமினியக் கலவையை உருக்குகிறோம். ஹீட்டுக்கு, அதாவது ஒருமுறை உருக்கினால், நாலைந்து கிலோ டிராஸ் (உருக்கின் மேல் மிதக்கும் கசடு) வருகிறது. வழித்துத் தரையில் கொட்டி, ஆறியதும் மூட்டை கட்டுகிறோம். கட்டியை உடைத்தால் உள்ளே மணிமணியாக அலுமினியம் மின்னுகிறது. மழை நாளில் மூட்டைப் பக்கம் போனால் மூக்கை எரிக்கும் நெடி. உலோகத்தை எப்படி எடுப்பது? நெடி எதனால்?

உருக்குகரண்டி:
மூட்டைக்குப் போகும் முன்பே எடுத்துவிடுங்கள், சூட்டில்தான் லாபம். அந்த மணிகள் ஒவ்வொன்றின் மேலும் ஆக்சைடு தோல் இருப்பதால் ஒன்றோடொன்று சேராது. ஃப்ளக்ஸ் எனும் உப்புக் கலவைப் பொடி அந்தத் தோலை உரிக்கிறது. பர்னரைக் குறைத்து, 100 கிலோ உருக்குக்கு 250–300 கிராம் டிராஸிங் ஃப்ளக்ஸைத் தூவி, கசட்டை மட்டும் கிளறுங்கள். களி போல இருந்தது உதிரியாக மாறும். உலைச் சுவரோடு அழுத்தி வடியவிட்டு, சூடேற்றிய ஓட்டைக் கரண்டியால் அள்ளுங்கள். வெளியே குவித்து வைத்தால் உள்ளிருக்கும் உலோகமே பற்றி வெள்ளையாகச் சுடரும். எரிவது உங்கள் காசு. இரும்புத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். ஃப்ளக்ஸில் ஃப்ளோரைடு உண்டு. புகை உறிஞ்சி, மாஸ்க் இல்லாமல் வேண்டாம்.

உப்புஉலை:
ஆறிப்போனதை பால் மில்லில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் டிரம், ball mill) போடுங்கள். ஆக்சைடு பொடியாகும், அலுமினியம் தட்டையாகும். 1 மி.மீ. சல்லடையில் மேலே நிற்பதில்தான் உலோகம். காந்தம் காட்டி இரும்பை எடுத்துவிடுங்கள், ஏடிசி12-ல் இரும்பு 1.3 சதவீதம் தாண்டக்கூடாது. பிறகு அதை உப்போடு சேர்த்து உருக்குங்கள்: சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு சமஎடை, கூடவே 5 சதவீதம் கிரையோலைட் (ஒரு ஃப்ளோரைடு உப்பு). ஆக்சைடு எடைக்குக் குறையாமல் உப்பு வேண்டும். குறைந்தால் மணிகள் சேராமல் கசட்டிலேயே தங்கும். 730–750 டிகிரி போதும். கிரையோலைட் கலவையிலுள்ள மெக்னீசியத்தையும் தின்னும். அதனால் தனிப் பாளமாக வார்த்து, ஸ்பெக்ட்ரோவில் (கலவை அளவு காட்டும் கருவி) பார்த்த பிறகே ஹீட்டில் கலக்கவும்.

வார்ப்புக்கூடம்:
நன்றி. பழைய மூட்டைகளை வெயிலில் காயவைத்து உலையில் போடலாமா? சலித்த மிச்சப் பொடியையும் உப்புக் கசட்டையும் பள்ளத்தில் கொட்டலாமா?

உருக்குகரண்டி:
இரண்டுமே வேண்டாம். நெடி அம்மோனியா: டிராஸிலுள்ள அலுமினியம் நைட்ரைடு தண்ணீர் பட்டால் அதை விடும். கார்பைடு மீத்தேனையும், உலோகத் தூள் ஹைட்ரஜனையும் விடும். நனைந்த மூட்டையை மூடிய அறையில் அடுக்காதீர்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் கட்டி உருக்கில் விழுந்தால் உலை வெடித்துச் சிதறும். நனைந்ததை அப்படியே அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். மிச்சப் பொடியும் அவரிடமே போகட்டும். 2016 அபாயக் கழிவு விதிகளில் டிராஸ் இருக்கிறது. பள்ளத்தில் கொட்டினால் உப்பு கரைந்து கிணற்றுக்கு இறங்கும். தீப்பிடித்தால் தண்ணீர் கூடாது, காய்ந்த மணல்தான். அதை உலை பக்கத்திலேயே மூடி போட்ட டிரம்மில் வையுங்கள்.