அக்சாமித் (போலந்தின் போலிஷ் மொழியில் வெல்வெட் துணி): இந்தச் சொல் உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

க்ரகோவ்வாசி:
மூன்று வருடமாக மனசில் கிடக்கிறது. இந்த ஊர்ப் பெண்கள் திருவிழாவுக்குப் போடும் கறுப்பு மேற்சட்டை, பாசிமணி தைத்தது, அதற்குத் துணி வாங்கப் போனேன். "வெல்வெட்" என்றேன். கடைக்காரப் பாட்டி பருத்தியில் ஒன்றை எடுத்துப் போட்டார். போலிஷில் ‘வெல்வெட்’ என்ற சொல் அந்தப் பருத்தித் துணியைத்தான் குறிக்குமாம். நான் விழித்ததைப் பார்த்து, என் கட்டைவிரலைப் பிடித்து வேறொரு துணியில் தேய்த்தார். இந்தப் பக்கம் தேய்த்தால் மினுமினுப்பு, எதிர்ப்பக்கம் தேய்த்தால் கன்னங்கரேல். "அக்சாமித்" என்றார், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல. கிரேக்கத்தில் ‘ஆறு இழை’ என்ற சொல்லிலிருந்து வந்ததென்று அப்புறம்தான் படித்தேன். பாட்டியின் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

ப்ர்னோ மாணவன்:
அதே வேர் ஜெர்மன் வழியாக வந்து செக்கில் ‘சமெத்’. 1989 நவம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சியை வீழ்த்திய புரட்சிக்கும் இங்கே அதுதான் பெயர், ‘சமெதோவா’. ஒருநாள் அப்படிச் சொன்னேன். எதிரே இருந்த ஸ்லோவாக் தோழி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்களுக்கு அது நெஜ்னா, மென்மையான புரட்சி" என்றாள். அவர்களிடமும் துணிக்கு ‘ஸமத்’ உண்டே, புரட்சிக்கு ஏன் வைக்கவில்லை? கேட்கத் தயங்கிவிட்டேன். எப்படியோ, போலிஷ், செக், ரஷ்யன் என்று ஸ்லாவ் குடும்ப மொழிகள் எல்லாவற்றிலும் வெல்வெட்டுக்கு இந்த ஒரே சொல்தான்.

சோஃபியாவிலிருந்து:
எல்லாவற்றிலும் இல்லை தம்பி. உக்ரைன் மொழியில் ஒக்சாமித், சரி. ரஷ்யனில் பார்ஹத். இங்கே பல்கேரியாவில் கடிஃபே, துருக்கியிலிருந்து வந்த சொல். நான் இங்கே அக்சாமித் கேட்டு, இல்லையென்று திரும்பினேன்; துணிச்சுருள் மேசைமேலேயே கிடந்தது. க்ரகோவ்வாசிக்கு ஒன்று: வெட்டும்போது எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று தலைகீழானாலும் சட்டை இரண்டு நிறமாகத் தெரியும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தவே அழுத்தாதீர்கள், படுத்த இழை எழாது. உள்பக்கமிருந்து ஆவி காட்டினால் போதும். மடித்து வைக்காமல் தொங்கவிடுங்கள், மடிப்புத் தடம் போகாது.

லுப்ளின் அம்மா:
எனக்குத் துணி இல்லை, பூ. சந்தையில் ஒரு தொட்டியில் ‘அக்சாமித்கா’ என்று எழுதியிருந்தது. குனிந்து பார்த்தால் நம் செண்டுமல்லி! செக்கிலும் இந்தப் பூ ‘அக்சாமித்னீக்’தான், ப்ர்னோ தம்பி, பழைய சொல் அங்கே பூவில் இருக்கிறது. ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தேன். ஆயுதபூஜை அன்று வாசலில் வரும் அதே வாசனை. விற்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளக்க எனக்குப் போலிஷ் போதவில்லை. நாலு தொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.