ஷீட்டில் உள்ள டைம்கோடை வைத்து ஆட்டோமேட்டிக் கட்: போகப் போக இரண்டரை விநாடி தள்ளிப்போகிறது, ஏன்?

மேசைவிளக்கு:
45 நிமிட நேர்காணல், ஒரே ஃபைல், விநாடிக்கு 29.97 ஃப்ரேம். எக்செல் ஷீட்டில் 64 வரி இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒரு குறிப்பு. நேரம் எல்லாம் வீடியோ பிளேயரைப் பார்த்து 00:01:23 என்ற மாதிரி எடுத்தது. கடைசியில் ":00" சேர்த்து இடிஎல் ஃபைலாக (எங்கெங்கே கட் என்று வரிவரியாகச் சொல்லும் டெக்ஸ்ட் ஃபைல்) மாற்றி, டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இம்போர்ட் செய்தேன். 64 கட்டும் வந்துவிட்டது. ஆனால்:

1. முதல் சில கட் சரி. 40-வது நிமிடம் பக்கம் போனால் ஒவ்வொரு கிளிப்பும் இரண்டரை விநாடி போல லேட்டாகத் தொடங்குகிறது, முதல் வார்த்தைகள் போய்விடுகின்றன.
2. ஆடியோ வரவே இல்லை.

ஃபைலில் ஒரு வரி இப்படி இருக்கிறது (இங்கே தமிழில் அடித்திருக்கிறேன், ஃபைலில் ஆங்கில எழுத்துதான்):
001 ஏஎக்ஸ் வி சி 00:01:23:00 00:01:31:00 01:00:00:00 01:00:08:00
தலைப்பில் நான்-டிராப் என்று போட்டிருக்கிறேன். என்ன தப்பு?

ஃப்ரேம்கணக்கு:
தப்பு ":00"-இல்தான். பிளேயர் காட்டுவது கடிகார விநாடி. நான்-டிராப் டைம்கோட் கடிகாரம் இல்லை, அது ஃப்ரேம் எண்ணிக்கை. 30 ஃப்ரேம் எண்ணியதும் ஒரு விநாடி என்று எழுதிக்கொள்ளும். உங்கள் ஃபைல் விநாடிக்கு 30 ஓடவில்லை, 29.97 தான் (கறாராகச் சொன்னால் 30000/1001). அதனால் ஒரு மணி நேரத்துக்கு 108 ஃப்ரேம், அதாவது 3.6 விநாடி வித்தியாசம் விழும். 40 நிமிடத்துக்கு 72 ஃப்ரேம், 2.4 விநாடி. நீங்கள் பார்க்கும் "இரண்டரை விநாடி போல" அதுவேதான். முதல் நிமிடத்தில் இரண்டு ஃப்ரேம்கூட வராது என்பதால் கண்ணில் படவில்லை.

சரிசெய்ய:
எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாக வைத்திருக்கும். அந்த செல்லை 86400-ஆல் பெருக்கினால் விநாடி கிடைக்கும். அதை 30000-ஆல் பெருக்கி, 1001-ஆல் வகுத்து, ரவுண்ட் செய்யுங்கள். வருவது ஃப்ரேம் எண். அதை 30-ஆல் வகுத்தால் மீதி டைம்கோடின் கடைசி இரண்டு இலக்கம், ஈவு விநாடி. அந்த விநாடியை மணி, நிமிடம், விநாடியாகப் பிரித்து, எல்லாவற்றையும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு: 00:40:00 என்றால் 2400 விநாடி, 71928 ஃப்ரேம், டைம்கோட் 00:39:57:18. உங்கள் ஃபார்முலா இதைக் கொடுத்தால் சரி.

வரியில் இடது பக்க இரண்டு டைம்கோட் மூல ஃபைலில் தொடக்கமும் முடிவும், வலது பக்க இரண்டும் டைம்லைனில் அந்த கிளிப் உட்காரும் இடம். வலது பக்க இரண்டையும் ஷீட்டின் நேரத்திலிருந்து எடுக்காதீர்கள். கிளிப்பின் நீளத்தை ஃப்ரேமில் கண்டுபிடித்து, முந்தைய வரி முடிந்த இடத்தோடு கூட்டிக்கொண்டே போங்கள். தனித்தனியாக ரவுண்ட் செய்தால் இரண்டு கிளிப்புக்கு நடுவில் ஒரு ஃப்ரேம் கறுப்பு எட்டிப்பார்க்கும். உங்கள் முதல் வரி இப்படி மாறும்:
001 ஏஎக்ஸ் வி சி 00:01:22:28 00:01:30:27 01:00:00:00 01:00:07:29
அடுத்த வரி 01:00:07:29-இல் தொடங்கும்.

ரோல்ஏ:
ஆடியோவுக்கு: "வி" என்றால் வீடியோ மட்டும். ஒரு ஆடியோ சேனலும் சேர்த்து வேண்டுமென்றால் அந்த இடத்தில் "பி", இரண்டு சேனல் என்றால் "ஏஏ/வி". 64 வரியையும் மாற்றும் முன் இரண்டே வரி உள்ள ஃபைலை இம்போர்ட் செய்து பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ஃபைலின் டைம்கோட் பூஜ்யத்தில் தொடங்குவதால் முதல் கட் தப்பித்தது. எல்லா கேமராவும் அப்படி இல்லை. கடிகார நேரத்தையே டைம்கோடாக ஓடவிடும் கேமராவில் கிளிப் 10:42:17:05 என்று தொடங்கும். பிளேயர் எப்போதும் பூஜ்யத்திலிருந்து காட்டும். அப்போது ஷீட்டில் இருப்பதோடு தொடக்க டைம்கோடைக் கூட்ட வேண்டும்: 00:01:22:28 என்பது 10:43:40:03 ஆகும். கூட்டப் பிடிக்காவிட்டால் ரிசால்வில் கிளிப்பை ரைட் கிளிக் செய்து, கிளிப் ஆட்ரிபியூட்ஸில் டைம்கோட் பகுதிக்குப் போய்த் தொடக்கத்தை 00:00:00:00 ஆக்கிவிடலாம். ஆனால் தனி ரெக்கார்டரில் எடுத்த ஆடியோவை டைம்கோடை வைத்து ஒட்டப் போகிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள்.

மேசைவிளக்கு:
ஃபார்முலா வேலை செய்கிறது, 40 நிமிடத்துக்கு 00:39:57:18 வந்தது. ஆனால் ஏழெட்டு வரியில் மட்டும் தாறுமாறான எண். ஒரு வரியில் விநாடி 4980 என்கிறது, அங்கே வேண்டியது 83. வேறு இரண்டு வரியில் பிழைச் செய்தி.

நீலக்கோடு:
4980 வந்த வரியில் 1:23 என்று அடித்திருப்பீர்கள். எக்செல் அதை 1 மணி 23 நிமிடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 0:01:23 என்று மாற்றுங்கள்.

பிழை வரும் இரண்டிலும் யாரோ 00:12:40:15 என்று நான்கு பகுதியாக எழுதியிருக்க வேண்டும். எக்செல்லுக்கு அது நேரமே இல்லை, வெறும் எழுத்து. லெஃப்ட், மிட், ரைட் ஃபங்ஷன்களால் துண்டு துண்டாகப் பிரித்தாக வேண்டும். கவனம்: அது எடிட்டிங் மென்பொருளில் பார்த்து எழுதியது என்றால் ஏற்கெனவே டைம்கோட். 1001 கணக்கை அதன்மேல் போட்டால் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். அரைப்புள்ளியோடு 00:12:40;15 என்று இருந்தால் அது டிராப் ஃப்ரேம், வேறு கணக்கு: ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிப் போகும், பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் தாண்டாது. மூன்று வகையும் ஒரே ஷீட்டில் கலந்தால் எந்த ஃபார்முலாவும் காப்பாற்றாது. எந்த வரி எங்கே பார்த்து எழுதியது என்று குறிக்க ஷீட்டில் ஒரு நெடுவரிசை சேர்த்துவிடுங்கள்.

மேசைவிளக்கு:
சரியாகிவிட்டது, ஆடியோவும் வந்தது ("ஏஏ/வி" போட்டேன்). ஒரு சின்ன குறை: நான் ஃப்ரேம் பார்த்துத் திருத்திய ஏழு கட்டிலும் கடைசி ஃப்ரேம் காணோம். எண்ணிப் பார்த்துவிட்டேன், சரியாக ஒன்று குறைகிறது.

ஃப்ரேம்கணக்கு:
இடிஎல்லில் முடிவு டைம்கோட் என்பது கிளிப்பில் இல்லாத முதல் ஃப்ரேம். நீங்கள் கடைசியாகத் தெரியும் ஃப்ரேமை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஏழுக்கும் மூல முடிவில் (இடது பக்க இரண்டாவது டைம்கோடில்) 1 ஃப்ரேம் கூட்டுங்கள். வலது பக்கம் கூட்டலாகப் போட்டிருப்பதால் தானே நகர்ந்துவிடும்.

ரோல்ஏ:
இதே முறையை வேறு ஃபைலுக்குப் பயன்படுத்துபவர்களுக்கு: தள்ளிப்போவது எல்லா கட்டிலும் ஒரே அளவு என்றால் தொடக்க டைம்கோட். சீராக வளர்ந்தால் ஃப்ரேம் ரேட். ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே என்று தாறுமாறாக இருந்தால் அது ஃபோனிலோ ஸ்க்ரீன் ரெக்கார்டரிலோ எடுத்த, ஃப்ரேம் ரேட் மாறிக்கொண்டே இருக்கும் ஃபைல். அங்கே ஷீட்டோடு மல்லுக்கட்டி லாபமில்லை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம் ரேட்டாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ரீல் பெயர் (வரியில் "ஏஎக்ஸ்" இருக்கும் இடம், மூல ஃபைலின் பெயர்) எட்டு எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். தமிழில் பெயரிட்ட ஃபைல்கள் இங்கேதான் மாட்டும். வரிசை எண் மூன்று இலக்கம் என்பதால் 999 கட்டுக்கு மேல் போனால் இரண்டு ஃபைலாகப் பிரியுங்கள்.

நீலக்கோடு:
எக்செல்லிலிருந்து நேராக சேமிக்காமல் நோட்பேடில் ஒட்டி சேமியுங்கள். செல்லுக்குள் வரி உடைந்திருந்தால் ஒட்டும்போது இரட்டை மேற்கோள் குறி தொற்றிக்கொண்டு வரும், அந்த வரியை ரிசால்வ் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஷீட்டில் 64, டைம்லைனில் 63 என்றால் முதலில் தேட வேண்டியது அந்தக் குறியைத்தான்.