சேரின் சிறப்புக் கற்கைக் கருத்தரங்கு: இருந்து படித்தவர்கள் சொல்லுங்கள்

படுவான்கரையாள்:

இந்த வருடம் சிறப்புக் கற்கைக்கு, அதாவது நாலு வருடப் பட்டத்துக்கு, பெயர் கொடுக்க இருக்கிற பிள்ளைகள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அக்கா, சேரின் கருத்தரங்கை எடுக்கலாமா? எல்லாரும் பயப்படுத்துகிறார்களே." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட இங்கே எழுதினால் எல்லாருக்கும் உதவும். கம்பஸின் பெயரும் அவருடைய பெயரும் வேண்டாம். படித்தவர்களுக்கு யாரென்று தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லி விடுகிறேன். எடுங்கள்.

மற்றப் பாடங்களில் நோட்ஸ் தருவார்கள், பழைய வினாத்தாள் பார்ப்போம், எழுதுவோம். இங்கே நோட்ஸே கிடையாது. கதிரைகளை வட்டமாகப் போடச் சொல்வார். ஒருவர் கட்டுரையை வாசிக்க, இன்னொருவர் எதிருரை சொல்ல வேண்டும். சேர் பெரும்பாலும் பேசாமல் இருப்பார். பேசினால் கேள்வி ஒன்றுதான்: "இதை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் பட்சுக்கு அவர் எடுத்த பொருள், மட்டக்களப்பில் வீடும் காணியும் யாருக்குப் போகின்றன என்பது. பிறந்ததிலிருந்து பார்க்கிற சங்கதிதானே! பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், அடுத்த மகளுக்கு முடிக்கும்போது தாய் தகப்பன் வேறு சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். குடி என்கிற எங்கள் வம்சப் பிரிவும் தாய்வழியில்தான் வரும்.

ஒரு பொடியன் இதற்கெல்லாம் தேசவழமைச் சட்டம்தான் காரணம் என்று எழுதிக்கொண்டு வந்தான். சேர் ஏசவில்லை. சட்டப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, யாருக்குப் பொருந்தும் என்ற பகுதியை அவனையே வாசிக்கச் சொன்னார். தேசவழமை வடக்கில் உள்ளவர்களுக்கான சட்டம், மட்டக்களப்பாரை அது கட்டாது. இங்கே முன்பு முக்குவர் வழமை என்ற வழக்கச் சட்டம் இருந்தது. 1876 ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு அது வழக்கொழிந்தது. அந்தக் கட்டளைச் சட்டமோ பிள்ளைகளுக்குள் ஆண், பெண் என்று பார்க்காமல் சமமாகப் பிரிக்கச் சொல்கிறது. அப்படியென்றால் ஊரில் வீடு ஏன் இன்னும் மகளுக்கே போகிறது?

விடை அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. பழைய காணி உறுதிப் பத்திரங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, கலியாணத்தை ஒட்டி, மகளின் பெயரில் சீதனமாக எழுதிக் கொடுத்து விடுகிறார்கள். செத்த பிறகு பங்கு பிரிக்க அந்த வீடு அவர்களுடைய பெயரில் இருப்பதே இல்லை. சட்டத்தோடு சண்டை போடாமலே வழக்கம் தப்பியிருக்கிறது. இதை நானாகக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் வேறு எந்தப் பாடத்திலும் வரவில்லை.

இன்னொரு தோழி 2004 சுனாமிக்குப் பிந்திய வீடுகளைப் பற்றி எழுதினாள். கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அப்போது அரசு அறிவித்தது. கரையில் இருந்த பலர் திராய்மடுப் பக்கம் போனார்கள். கரையில் விட்டு வந்த வளவு தாயின் சீதனம். புதிய வீட்டுப் பத்திரமோ "குடும்பத் தலைவர்" என்று தகப்பனின் பெயரில். அவளுடைய வீட்டிலும் அதே கதைதான். கோபத்தோடு எழுதியிருந்தாள். சேர் அந்தக் கோபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பிரதேச செயலகத்தில் அப்போது வேலை செய்தவர்களையும் கண்டு கேட்டுவிட்டு வா என்று அனுப்பினார். மறுகா அவள் திருத்தி எழுதியதுதான் எங்கள் பட்சின் ஆகச் சிறந்த கட்டுரை.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். வாசிக்கத் தருவதில் பாதிக்கு மேல் ஆங்கிலம். தமிழ்மூலம் படித்து வந்தவர்கள் அகராதியோடு இரவு முழுக்க இருக்க வேண்டி வரும். வகுப்பும் நேரத்துக்கு முடியாது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரைப் பக்கத்துக்கு வழி லேசாகி விட்டது, ஆனாலும் கடைசி பஸ் போய் விட்டால் போனதுதான். தூரத்துப் பிள்ளைகளை நேரத்தோடு விட வேண்டும் என்பதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அக்கரைப்பற்று ராத்தா:

தங்கச்சி சொல்வது அத்தனையும் சரி. நான் உங்களுக்கு முந்திய பட்ச். எங்களுக்குப் பொருள் கோயிலும் பள்ளிவாசலும். முஸ்லிம் பிள்ளை நான் மட்டும்தான், ஓரமாகத்தான் இருக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் வகுப்பிலேயே "உங்கள் ஊர்ப் பள்ளியில் மரைக்கார் எப்படி வருகிறார்?" என்று சேர் கேட்டார். மரைக்கார் என்றால் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். குடிக்கு ஒருவர் என்றேன். கோயில் நிர்வாகத்திலும் அப்படிக் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பார் என்று பக்கத்தில் இருந்த பிள்ளை சொன்னாள். எங்களிடமும் குடி உம்மா வழியில்தான் வருகிறது, வீடும் மகளுக்குத்தான். சண்டைக் காலத்தில் பிறந்து, ஒருவர் ஊருக்கு மற்றவர் போகப் பயந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் இது தெரிய வந்தது. அவளின் ஊருக்கு நான் போனேன், என் மூத்தம்மாவிடம் அவள் வந்தாள். இன்றைக்கும் பெருநாளைக்கு வருகிறாள். அதற்காகவே சேருக்கு துஆ செய்கிறேன்.

கடைசிக் கதிரை:

எல்லாரும் புகழ்கிறீர்கள். என்னுடையதையும் கேளுங்கள்.

நான் திருக்கோவில் பக்கம். ஆட்கள் முன்னால் பேச எனக்கு வராது. கருத்தரங்கில் பேசுவதற்குத் தனிப் புள்ளி. என் முறை வரும்போது சேர் பேசாமல் காத்திருப்பார், எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். அவர் அதைப் பொறுமை என்று நினைத்திருக்கலாம். எனக்குக் கை நடுங்கும். எழுத்தில் தரட்டுமா என்று கேட்டேன். கருத்தரங்கு என்றால் பேசத்தான் வேண்டும் என்றார். நான் நாலாம் வருடத்துக்குப் போகாமல் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்து விட்டேன்.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் கட்டுரையின் ஓரத்தில் அவர் எழுதிய குறிப்புகளை இன்னும் வைத்திருக்கிறேன். அவ்வளவு கவனமாக என் எழுத்தை யாரும் வாசித்ததில்லை. அப்படி வாசிக்கத் தெரிந்தவர், எழுத மட்டுமே முடிந்த பிள்ளைக்கும் ஒரு வழி விட்டிருக்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசுகிற, டவுன் பாடசாலைப் பிள்ளைகள்தான் அந்த வட்டத்தில் அதிகம் பேசினார்கள். அதையும் அவர் கவனித்திருக்க வேண்டும்.

புது வரவு:

எதிருரை எவ்வளவு நேரம்? பவர்பொயின்ட் வேண்டுமா?

படுவான்கரையாள்:

தங்கச்சி, பத்து நிமிடம் பேசினால் போதும். பவர்பொயின்ட் அவருக்குப் பிடிக்காது, தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கடைசிக் கதிரைத் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். எங்கள் பட்சிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள், நாங்கள்தான் யாரும் அவர்களுக்காகச் சேரிடம் போகவில்லை. இப்போது எதிருரையை எழுத்திலும் வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். படித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது உண்மையா என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பழைய மாணவர்கள் சேர்ந்து அவரிடம் போய்க் கேட்போம், நான் வருகிறேன்.

புதிதாகச் சேருகிறவர்கள் விடுமுறையிலேயே வீட்டுப் பெரியவர்களிடம் பேசத் தொடங்குங்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யும் முன் அவர்களிடம் கேட்டு விடுங்கள். உறுதிகளை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம், போனில் படம் எடுத்தால் போதும். கட்டுரையில் ஆட்களின் பெயரையும் காணியின் எல்லைகளையும் மறைத்துத்தான் போட வேண்டும். அதில் சேர் மிகவும் கண்டிப்பு.