மதிப்பீட்டுக்கு ஆள் வந்த அன்று அம்மா எழுந்து நடந்தார்

மகள்

அம்மாவுக்கு 81 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனாலும் விழுவதற்கு முன்பிருந்த அம்மா திரும்பி வரவில்லை. குளிப்பாட்டுவது நான். உடை மாட்டிவிடுவது நான். இரவில் இரண்டு முறை, சில நாட்களில் நான்கு முறை, எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போவதும் நான். பொழுது சாய்ந்தால் குழம்பிப்போவார். என்றோ இறந்துபோன தங்கை வெளியே காத்திருப்பதாகச் சொல்லி வாசலை நோக்கி நடக்கப் பார்ப்பார்.

வீட்டுக்கே ஆள் அனுப்பி உதவும் அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். காலை பத்து மணிக்கு ஓர் அதிகாரி வந்தார். நல்ல பெண்மணி, மரியாதையாகப் பேசினார். அழைப்பு மணி அடித்ததும் அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, சுவரைக்கூடத் தொடாமல் நடந்துபோய்க் கதவைத் திறந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். மாதக்கணக்கில் நான் காணாத நடை அது.

"தானாகக் குளிக்க முடியுமா?" "முடியும்." "உடுத்திக்கொள்ள?" "அதற்கென்ன, நானே செய்துகொள்கிறேன்." "சிறுநீர் கசிவு ஏதாவது?" அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? "இல்லை" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வெளியாள் ஒருவரின் முன் வைத்து அம்மாவைப் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை.

நாற்பது நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. அந்தப் பெண்மணி போனதும் அம்மா படுத்தவர், மறுநாள் மதியம் வரை எழவில்லை. ஒரு வாரத்துக்கான பலத்தை அந்த நாற்பது நிமிடங்களில் செலவழித்துவிட்டார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது: தினசரிச் செயல்களைத் தானே செய்துகொள்ளக்கூடியவர், எனவே உதவிக்குத் தகுதி இல்லை.

அம்மா மீது எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்காக இன்றும் வருந்துகிறேன். தேர்வு எதிலும் தோற்காத பெண் அவர். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேள்வி கேட்டால் அது அவருக்குத் தேர்வுதானே? மேல்முறையீடு செய்ய எனக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. இதே நிலையைக் கடந்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.


மனைவி

அக்கா, உங்கள் வீட்டில் நடந்தது எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆனால் என் கணவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னார்.

அவருக்கு மறதி நோய். கை கால் நன்றாக இருக்கிறது. "சட்டை போட்டுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால் முடியும் என்பார். முடியவும் செய்யும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டுக்கொள்வார். குளிக்க முடியும், ஆனால் நான் பக்கத்தில் நின்று "இப்போது சோப்பு, இப்போது தண்ணீர்" என்று சொல்லாவிட்டால் காய்ந்த தரையில் நின்றுகொண்டே இருப்பார். அடுப்பைப் பற்றவைக்க முடியும். அதுதான் என் பயமே.

முதல் மதிப்பீட்டில் உடல் வலுவை மட்டுமே பார்த்தார்கள். இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஜெர்மனியில் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு 1995-இல் வந்தது. அங்கே பல ஆண்டுகள் உதவியை நிமிடக் கணக்கில்தான் அளந்தார்கள். மூன்று நிலைகளில் முதல் நிலை கிடைக்கவே நாளுக்குச் சராசரி 90 நிமிட உதவியாவது தேவைப்பட வேண்டும். அதில் பாதிக்கு மேல் குளிப்பாட்டுவது, ஊட்டுவது போன்ற உடல் சார்ந்த பணியாக இருக்க வேண்டும். கண் மூடாமல் ஒருவரைக் காவல் காப்பது அந்தக் கணக்கில் சரியாக ஏறவில்லை. மறதி நோயாளிகளின் குடும்பங்கள் தவித்துப்போயின. 2017-இல்தான் அந்த முறையை மாற்றி ஐந்து நிலைகளாக்கி, அறிவுத்திறன், நடத்தை ஆகியவற்றையும் மதிப்பெண்ணில் சேர்த்தார்கள். ஒரு பெரிய நாட்டுக்கே இதைப் புரிந்துகொள்ள இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நான் செய்தது ஒன்றுதான். பதினான்கு நாள் ஒரு நோட்டில் எழுதினேன். அழகாக எழுதவில்லை, நேரமும் நடந்ததும் மட்டும். "இரவு 2.10, வெளிக்கதவைத் திறக்க முயன்றார். 2.40-க்குப் படுக்கவைத்தேன். 3.55, மறுபடியும்." மறு மதிப்பீட்டுக்கு வந்தவர் அந்த நோட்டை வாங்கி, ஒரு பக்கம் விடாமல் நின்றபடியே படித்தார். வாரத்தில் மூன்று நாள் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அவரை அழைத்துப் போக இப்போது வண்டி வருகிறது. அந்த மூன்று பகலில் நான் தூங்குகிறேன்.


மகன்

நான் நேர்மாறாகச் செய்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மதிப்பீட்டுக்கு வந்தவரிடம் அப்பா "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததுமே நான் குறுக்கிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். படுக்கை நனைவதை, டயப்பரை, ஊட்டும்போது வாயோரம் வழிவதை, ஒன்று விடாமல் அப்பாவின் எதிரிலேயே சொன்னேன். உதவி கிடைத்தது. அப்பா நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள், வந்த புதிய பராமரிப்பாளரிடம் அவர் முதலில் சொன்னது, "என் மகன் சொல்கிற அளவுக்கு நான் மோசமில்லை."

இன்றைக்கென்றால் எழுதிய தாளை வாசலிலேயே அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை அவருடன் நிம்மதியாகப் பேச விட்டிருப்பேன். சகோதரி, உங்கள் அம்மாவின் எதிரில் நீங்கள் பேசாமல் இருந்ததைத் தவறென்று நினைக்காதீர்கள்.


மதிப்பீட்டுப் பணியில் இருந்தவர்

செவிலியராக இருந்து, பிறகு பல ஆண்டுகள் வீடு வீடாகப் போய் இதே மதிப்பீட்டைச் செய்தவள் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். மேசையின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மலம் சிறுநீரை அடக்குவது, உண்பது. இந்த ஆறையும் வைத்து அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளின் திட்டங்கள் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூரில் 2020-இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தில், ஏறக்குறைய இதே போன்ற ஆறு செயல்களில் மூன்றையாவது தானே செய்ய முடியாதவர்களுக்குத்தான் மாதத்தொகை. மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்ஸ் முதலில் உற்றுக் கவனித்தது உங்கள் அம்மாவைப் போல இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைத்தான். மனிதர் முதலில் இழப்பது குளிக்கும் திறனை, கடைசியில் இழப்பது உண்ணும் திறனை என்று அவர் பார்த்தார். அதனால் "குளிப்பதற்கு மட்டும்தான் உதவி தேவை" என்பதைச் சிறு விஷயமாக எண்ணாதீர்கள். முதல் படி சரிந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த முறையில் 'தானே செய்கிறார்' என்பதற்கு இலக்கணம் மிகக் கறாரானது. கைத்தாங்கல் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று பார்ப்பதும், "இதைச் செய்" என்று சொல்லிக்கொடுப்பதும் இருக்கக் கூடாது. மேலே மறதி நோயைப் பற்றி எழுதிய பெண்மணியின் கணவர், சோப்பு எது தண்ணீர் எது என்று சொல்ல ஆள் வேண்டியவர். இந்த இலக்கணப்படி அவர் குளிப்பதில் தானே செய்பவர் அல்ல. 1965-இல் வந்த, அன்றாடச் செயல்களுக்கு மதிப்பெண் தரும் பார்த்தெல் அளவுகோலைப் பயன்படுத்தும் வழிகாட்டுதலிலும் இதே கருத்து உண்டு: ஒருவரால் என்ன செய்ய முடியும் என்பதைக் குறிக்கக் கூடாது, அவர் நடைமுறையில் என்ன செய்கிறார் என்பதைத்தான் குறிக்க வேண்டும். ஆகவே "முடியுமா?" என்ற கேள்வியே தவறு. "நேற்று எப்படிக் குளித்தீர்கள்? யார் கூட இருந்தார்கள்?" என்று கேட்க வேண்டும். நாங்கள் அப்படிக் கேட்காவிட்டால் நீங்கள் அப்படிப் பதில் சொல்லுங்கள். விதிமுறை ஒவ்வொரு திட்டத்துக்கும் மாறும். உங்கள் திட்டத்தின் படிவத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிடுங்கள்.

நானும் தவறியிருக்கிறேன். தனியாக வாழ்ந்த ஒரு முதியவர், கழிப்பறைக்குத் தானே போவதாகச் சொன்னார். நேராக உட்கார்ந்து, தெளிவாகப் பேசினார். நம்பிக் குறித்துக்கொண்டேன். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. அது மாடியில் இருந்தது. அவர் மாடி ஏறி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. படுக்கைக்கு அடியில் ஒரு வாளி இருந்ததை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதன் பிறகு "கொஞ்சம் நடந்து காட்டுகிறீர்களா?" என்று கேட்காமல் எந்த வீட்டிலிருந்தும் நான் கிளம்பியதில்லை. குடும்பத்தாரிடம் வாசலுக்கு வெளியே ஐந்து நிமிடம் தனியாகப் பேசாமலும் கிளம்பியதில்லை.

நேரத்தையும் கேட்டு மாற்றலாம், பலருக்கு இது தெரியாது. நாங்கள் பெரும்பாலும் காலையில்தான் வருவோம். மாலையில் குழம்புபவர்கள் காலையில் தெளிவாக இருப்பார்கள். பிற்பகல் நேரம் தரச் சொல்லிக் கேளுங்கள்.


அக்காவுக்கு ஒரு தம்பி

சுருக்கமாக ஒன்று. என் பெரியம்மா ஜப்பானில் மகனோடு இருக்கிறார். அங்கே பராமரிப்புக் காப்பீடு 2000 ஏப்ரலில் தொடங்கியது. வீட்டுக்கு வருபவர் 74 கேள்விகள் கொண்ட பட்டியலோடு வருகிறார். கூடவே மருத்துவரின் கருத்தும் தனியாகப் போகிறது. பட்டியலில் அடங்காததை எழுத ஒரு குறிப்புப் பகுதி உண்டு. கணினி தரும் முடிவோடு இந்தக் குறிப்பையும் மருத்துவர் கருத்தையும் ஒரு குழு படித்துத்தான் நிலையை உறுதி செய்கிறது. பெரியம்மாவும் வந்தவரிடம் உங்கள் அம்மாவைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து பேசினாராம். அண்ணன் சொல்லி அந்தக் குறிப்புப் பகுதியில் எழுதவைத்த நான்கு வரிதான் கைகொடுத்தது என்கிறார். நீங்களும் மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். 'இடுப்பெலும்பு முறிவு' என்று நோயின் பெயரை மட்டும் எழுதித் தந்தால் போதாது. இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியிருக்கிறது என்பதை அவரிடம் நீங்களே சொல்லி எழுதச் சொல்லுங்கள்.


மகள்

எல்லோருக்கும் நன்றி. மேல்முறையீடு செய்தேன். பத்து நாள் குறிப்பும் மருத்துவர் கடிதமும் இணைத்தேன். பிற்பகல் நேரம் கேட்டேன். நான்கரை மணி கொடுத்தார்கள். நேற்று வந்துபோனார்கள்.

அதற்கு முந்தின இரவு அம்மாவின் கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். என்ன சொல்வது என்று நாள் முழுக்க யோசித்து வைத்திருந்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. "அம்மா, நாளைக்கு வருகிறவர் உன்னைச் சோதிக்க வரவில்லை. எனக்கு முடியவில்லை. எனக்கு உதவி கேட்டுத்தான் வரச் சொல்லியிருக்கிறேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இந்த ஒன்றரை ஆண்டில் அம்மாவின் எதிரில் நான் அழுதது அதுதான் முதல் முறை. அம்மா ஒன்றும் பேசவில்லை. என் கையை எடுத்துத் தன் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார்.

நேற்று அழைப்பு மணி அடித்தபோது அம்மா எழுந்திருக்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன். இந்த முறை வந்தவர் ஓர் இளைஞர். அவர் தாளை எடுப்பதற்குள் அம்மா பேச ஆரம்பித்தார். "என் மகளுக்கு இடுப்பு வலி. என்னைத் தூக்கித் தூக்கி வந்தது. இரவில் அவள் தூங்குவதில்லை. நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்."

பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிப்பதைக் கேட்டபோது, "இவள்தான்" என்று என்னைக் காட்டினார். உடுத்துவதைக் கேட்டபோதும் "இவள்தான்." சிறுநீர் பற்றிக் கேட்டபோது மட்டும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த இளைஞர் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. என் குறிப்பில் இருந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, தானாகவே எழுதிக்கொண்டார். அந்த ஒரு நாகரிகத்துக்காக அவரை நான் மறக்கமாட்டேன். கிளம்பும்போது அம்மாவைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொன்னார். இரண்டு அடி நடந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். கடிதம் வந்ததும் எழுதுகிறேன்.