முகாம்களிலிருந்து திரும்பிவந்த அயலவர்களுக்கு எங்கள் ஆலயப் பங்கு என்ன செய்யலாம்?

கேள்வி: பங்குச் சபை உறுப்பினர், வலிகாமம் வடக்கு

தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பிய சில குடும்பங்கள் எங்கள் பங்கின் எல்லைக்குள் வாடகைக்குக் குடியமர்ந்துள்ளன. பெற்றோர் 1990 இல் இங்கிருந்து இடம்பெயர்ந்து வள்ளத்தில் கடல் கடந்தவர்கள். பிள்ளைகளோ அங்கேயே பிறந்து வளர்ந்ததால், யாழ்ப்பாணத்தை முதன்முறையாக இப்போதுதான் காண்கிறார்கள். இவர்களுட் சைவக் குடும்பங்களும் உள்ளன. நத்தாருக்கு உலருணவுப் பொதி வழங்கினோம். அதற்குமேல் என்ன செய்வதென்று சபையில் ஒருமித்த கருத்து இல்லை. நிதி திரட்டி வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். அது அரசாங்கத்தின் வேலை என்கிறார்கள் வேறு சிலர். எங்களிடமுள்ள பணம் சிறிது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம அலுவலர்

ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, தாயோ தந்தையோ இலங்கைப் பிரசை என்பதால் மட்டும் தானாகவே பிரசையாகிவிடுவதில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவின்கீழ் அப்பிறப்பைப் பதிவுசெய்ய வேண்டும். அப்பதிவு இல்லாவிட்டால் தேசிய அடையாள அட்டை கிடைக்காது. அடையாள அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம், வேலை என்று ஒவ்வொன்றும் தடைப்படும். பதிவுக்குப் பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். முகாமில் மாலை மாற்றியதோடு நின்றுவிட்ட திருமணங்கள் பல என்பதால், விவாகப் பதிவே முதற் சிக்கலாகிவிடுவதுண்டு.

இதில் ஆலயத்திடம் உள்ள ஒரு செல்வத்தை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். போரில் பிறப்புப் பதிவேடு அழிந்துபோனவர்களும், பிறந்த காலத்தில் பதிவே செய்யப்படாதவர்களும் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கையில், ஞானஸ்நானச் சான்றிதழ் துணைச் சான்றாக ஏற்கப்படுகிறது. சைவர்களுக்குச் சாதகமும் பாடசாலை விடுகைப் பத்திரமும் அவ்வாறே பயன்படும். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பொறுமையாகப் புரட்டிப் பெயர்களைத் தேடித்தர ஒருவரை நியமியுங்கள். பிரதேச செயலகத்துக்குச் செல்லும்போது விபரமறிந்த ஒருவர் உடன் செல்லட்டும்; ஒரு கடிதம் குறைவாக இருந்ததற்காக நாட்கூலியை இழந்து மீண்டும் மீண்டும் அலைந்த குடும்பங்களை நான் பணியில் இருந்தபோது நிறையவே கண்டிருக்கிறேன்.

பதில் 2: பாடசாலை ஆசிரியை

பிள்ளைகளின் படிப்பையும் சேர்த்துப் பாருங்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் சமயமும் வரலாறும் கட்டாய பாடங்கள். தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அனுராதபுர இராசதானியும் தெரியாது, கோல்புறூக் சீர்திருத்தமும் தெரியாது. சிங்களம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆங்கில மொழிமூலம் படித்திருந்தால் கணிதமும் விஞ்ஞானமும் தமிழ்க் கலைச்சொற்களில் மீண்டும் தொடக்கத்திலிருந்தே வரும். கெட்டிக்காரப் பிள்ளைகள் வகுப்பின் கடைசி வாங்கில் வாயடைத்து இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு பங்கிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கலியாணத்துக்கு மட்டும் திறக்கப்படும் மண்டபமும் இருக்கிறது. வரலாற்றுக்கும் சிங்களத்துக்கும் மாலை வகுப்பு வைப்பதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. சைவப் பிள்ளைகளை மறைக்கல்வி வகுப்பில் அமர்த்திவிடாதீர்கள். அவர்களுக்குச் சைவசமய பாடம் சொல்லித்தர அயலிலுள்ள சைவ ஆசிரியர் ஒருவரையே அழைப்பது நல்லது. உதவிக்குப் பின்னால் மதமாற்றம் இருக்கிறதென்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் வகுப்பு அன்றோடு நின்றுவிடும்.

பதில் 3: முகாமிலிருந்து திரும்பியவர்

மேலே சொன்ன இரண்டும் சரி. ஆனால் எங்கள் கோப்பு எங்கள் கையிலேயே இருக்க வேண்டும். உதவ வருபவர்கள் மூலப் பிரதிகளை வாங்கிச் சென்று, பிறகு அவர்களைத் தேடித் திரிய நேர்ந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. பொதி கொடுக்கும்போது படம் எடுத்து முகநூலில் இடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் படத்தை எங்கள் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களும் பார்க்கிறார்கள்.

கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுச் சென்றமை இன்னும் குற்றமாகவே கொள்ளப்படக்கூடும் என்ற அச்சம் எங்களுக்குள் இருக்கிறது; 2025 இல் பலாலி விமான நிலையத்தில் திரும்பிவந்த முதியவர் ஒருவர் கைதுசெய்யப்பட்ட பின்னர் அது மேலும் கூடியது. உங்கள் பங்கில் சட்டத்தரணிகள் இருந்தால், இன்னும் வரவிருக்கும் உறவினர்களுக்கு முன்கூட்டியே ஆலோசனை சொல்ல அவர்களைக் கேளுங்கள்.

வீடு கட்டித்தர வேண்டியதில்லை. எங்களுட் சிலருடைய காணி இன்னும் இராணுவத்திடம் இருப்பதால், கட்டுவதற்கு இடமே இல்லை. ஆனால் கனடாவிலும் பிரான்சிலும் உள்ளவர்களின் வீடுகள் உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டொன்றைக் குறைந்த வாடகைக்குப் பெற்றுத்தர உங்களால் முடியும். நாங்கள் கேட்டால் தரமாட்டார்கள், பங்குத்தந்தை கேட்டால் தருவார்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. பதிவேடு தேடும் பணிக்கும் மாலை வகுப்புக்கும் அடுத்த கூட்டத்தில் முன்மொழிவு வைக்கிறேன். பூட்டிய வீடுகள் பற்றி முன்பும் பேசியிருக்கிறோம். குடியிருப்பவர்கள் பின்னர் எழும்பமாட்டார்கள் என்றே உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள்.

பதில் 1 எழுதியவர்:

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வாய்ப்பேச்சில் விடாமல், கால எல்லை குறித்த வாடகை ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியைக் கொண்டு எழுதுவியுங்கள். மாதந்தோறும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். ஒப்பந்தத்தை ஆலயத்தின் பெயரில் எழுதாமல், உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலேயே எழுதுங்கள்; குடியிருப்பவர் அதே முகவரியை வைத்துக் கிராம அலுவலரிடம் வதிவிடப் பதிவுக்கும் விண்ணப்பிக்கலாம்.